இரண்டாவது தேர்வு நம் கையில்: ஸ்பர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

வெள்ளிமுள் | 13 மே 2025, காலை 6.10

விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தது வீண்போகவில்லை. என்பிஏ கூடைப்பந்தில் அணிகள் வரிசையாகப் புதுமுகங்களை எடுக்கும் நாள் டிராஃப்ட், அதில் ஒருவரை எடுக்கும் உரிமைதான் தேர்வு. அந்த வரிசையைக் குலுக்கிப் போட்டு, கடைசி இடத்திலிருந்து உறை பிரிப்பது லாட்டரி. அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினான்காவது உறையில் நம் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் சின்னம் வந்தது. அது எதிர்பார்த்ததுதான், முன்பு நம் ஆட்டக்காரர் டிஜான்டே மரேயை அட்லாண்டாவுக்குக் கொடுத்தபோது வாங்கிய தேர்வு. பதினொன்றில் டாலஸ் வர வேண்டும், போர்ட்லாந்து வந்தது. அரங்கமே முணுமுணுத்தது. ஒன்பதில் நம் சின்னம் வர வேண்டும், டொரன்டோ வந்தது. அந்த நொடியில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் கத்த முடியவில்லை.

முதல் இடம் 1.8 சதவீத வாய்ப்பு மட்டும் வைத்திருந்த டாலஸுக்குப் போய்விட்டது. பிப்ரவரியில் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்த அதே டாலஸுக்கு! அதைப் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம். புதுமுகங்களில் முதல் ஆளான கூப்பர் ஃபிளாக் அங்கே போவது உறுதி. இரண்டாவது இடம் நமக்கு.

இனி நம் பிரச்சினை. டிராஃப்ட் ஜூன் 25. இரண்டாவது இடத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் ரட்கர்ஸின் டிலன் ஹார்ப்பர். அவர் பந்தைக் கையில் வைத்து ஆடும் கார்டு. நம்மிடம் பிப்ரவரியில் வாங்கிய டிஆரன் ஃபாக்ஸ் இருக்கிறார். இந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஸ்டெஃபான் கேஸிலும் இருக்கிறார். ஒரே வேலைக்கு மூன்றாவது ஆளா? என் மனம் மில்வாக்கி பக்கம் போகிறது. அவர்களுடைய உயரமான நட்சத்திரம் யானிஸ் அங்கே இருப்பாரா மாட்டாரா என்று ஊரே பேசுகிறது. இந்தத் தேர்வையும் மற்றவற்றையும் கொடுத்து யானிஸை அவரைவிட உயரமான நம் வெம்பன்யாமா (வெம்பி) பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? சொல்லுங்கள்.

ஹூஸ்டன்காரன் | 13 மே 2025, காலை 6.31

எப்படி இருக்கும்? எதிரணிக்காரன் வளையத்தைப் பார்க்க ஏணி கேட்பான். ஆனால் ஐயா, 34 வெற்றி 48 தோல்வி எடுத்த அணிக்கு இவ்வளவு பேராசை ஆகாது.

கணக்குப்பிள்ளை | 13 மே 2025, காலை 9.45

வெள்ளிமுள், ஆசைக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அடுத்த பருவத்தில் யானிஸின் சம்பளம் 5.4 கோடி டாலர். சம்பள விதிகளின்படி ஏறக்குறைய அதற்கு ஈடான சம்பளம் நம் பக்கத்திலிருந்து போக வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்: டிராஃப்டில் தேர்வான பையன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை, அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கணக்கில் அவருடைய சம்பளம் பூஜ்யம். ஆகவே இரண்டாவது தேர்வு மதிப்பைக் கூட்டும், சம்பள ஈட்டுக்கு ஒரு காசுகூட உதவாது. அந்த ஈட்டை டெவின் வசெல், கெல்டன் ஜான்சன், ஹாரிசன் பார்ன்ஸ் ஆகியோரைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். தூரக் கோட்டுக்கு வெளியே சுற்றி நின்று மூன்று புள்ளி எறியத் தெரிந்தவர்கள் நம் அணியில் இவர்கள்தான். யானிஸுக்கும் வெம்பிக்கும் இடம் விரித்துக் கொடுக்க யார் மிஞ்சுவார்கள்?

கையெழுத்திட வைத்தால் சம்பளம் கணக்கில் வரும், ஆனால் 30 நாட்கள் அவரை மாற்ற முடியாது. 2014இல் கிளீவ்லாந்து முதல் தேர்வான ஆண்ட்ரூ விக்கின்ஸை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 23 வரை காத்திருந்து, பிறகு கெவின் லவ்வை வாங்கியது இதனால்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டாவதாகத் தேர்வாகிறவருக்கு முதல் ஆண்டு சுமார் 1.2 கோடி டாலர். நான்கு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய அந்த அளவில்தான் ஏறும். வெம்பியின் புதிய ஒப்பந்தம் 2027-28இல் தொடங்கும்போது நம் கருவூலத்தில் பெரிய ஓட்டை விழும். அந்த நேரத்தில் முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் மலிவாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தென்கரை | 13 மே 2025, இரவு 8.20

சான் ஆன்டோனியோவில் இருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை அரங்கில் பார்த்தேன். அவற்றில் மூன்றில் கூடைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தொலைக்காட்சியில் தெரியாத ஒன்றை அங்கிருந்து பார்த்தேன்.

கேஸில் மூலையில் நிற்கிறார். அவரைக் காக்க வேண்டியவர் அவரைப் பார்ப்பதே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காலை வளையத்துக்குக் கீழேயுள்ள வண்ணப்பகுதிக்குள் வைத்து, வெம்பியின் இடுப்பில் கை போட்டபடி நிற்கிறார். பந்து கேஸிலுக்கு வருகிறது. காப்பாளர் திரும்பிப் பார்க்கிறார், ஒரு அடி எடுத்து வைக்கிறார், நின்றுவிடுகிறார். “எறி, எறிந்து பார்” என்கிற மாதிரி கையைக்கூடத் தூக்கவில்லை. கேஸில் எறியவில்லை, பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். ஒரே கால் பகுதியில் இதை நான்கு முறை பார்த்தேன்.

கேஸிலை எனக்கு மிகவும் பிடிக்கும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மூன்று புள்ளியில் அவர் 28.5 சதவீதம். ஃபாக்ஸ் இந்தப் பருவத்தில் 31 பக்கம். ஹார்ப்பர் கல்லூரியில், அங்கே கோடு இன்னும் அருகில் இருந்தும், மூன்றில் ஒன்றுதான் போட்டார். இப்படி மூவரைச் சுற்றிலும் நிறுத்தினால் வெம்பி பந்தை வாங்கும்போது அவர் மேல் எத்தனை கைகள் விழும்? ஏஸ் பெய்லியை எடுங்கள். உயரம் இருக்கிறது, எறியவும் தெரியும். இல்லையென்றால் பேய்லர் கல்லூரியின் வி.ஜே. எட்ஜ்கோம். பஹாமாஸ் பையன், ஆளைப் பிடித்துத் தடுப்பார்.

வெள்ளிமுள் | 13 மே 2025, இரவு 10.02

தென்கரை அக்கா எழுதியதைப் படித்ததும் யானிஸும் மூன்று புள்ளி எறியமாட்டார் என்பது நினைவுக்கு வந்தது. தூக்கம் போய்விட்டது.

பழையகோல் | 14 மே 2025, காலை 7.15

ஐம்பத்தெட்டு வயதாகிறது, நாற்பது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைப் பின்தொடர்கிறேன். “நம் அணிக்கு இவர் பொருந்துவாரா” என்று கேட்டு உயர்ந்த தேர்வைப் பயன்படுத்தியவர்களின் கதைகளைச் சொல்கிறேன்.

1984. போர்ட்லாந்துக்கு இரண்டாவது தேர்வு. முந்தைய ஆண்டு எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் கையில் இருந்தார், ஆகவே இன்னொரு கார்டு வேண்டாம், வளையத்தடியில் ஆடும் உயரமான சென்டர்தான் வேண்டும் என்றார்கள். சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டன். இது எல்லோருக்கும் தெரிந்த கதை, சலித்துப்போன கதையும்கூட. போவியின் கால் எலும்புகள் முறியாமல் இருந்திருந்தால் இவ்வளவு கேலி இருந்திருக்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

2020. கோல்டன் ஸ்டேட்டுக்கு இரண்டாவது தேர்வு. கார்டு வேலைக்கு ஸ்டெஃபன் கரியும் கிளே தாம்ப்சனும் இருக்கிறார்களே, சென்டர் இல்லையே என்று ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தார்கள். அடுத்ததாக லமெலோ பால் போனார். 2022இல் அவர்கள் கோப்பை வாங்கியபோது வைஸ்மன் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த ஆண்டே போய்விட்டார்.

இப்போது நான் சொல்ல வந்தது. 2018இல் சாக்ரமென்டோவுக்கு இரண்டாவது தேர்வு. லூகா டான்சிச் மிச்சம் இருந்தார். ஐரோப்பாவில் ரியல் மாட்ரிட்டோடு கோப்பையும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர் பந்தைக் கையில் வைத்து ஆடுகிறவர். சாக்ரமென்டோவில் அந்த வேலைக்கு முந்தைய ஆண்டு ஐந்தாவதாக எடுத்த ஒரு பையன் இருந்தான். அவர்கள் மார்வின் பாக்லியை எடுத்தார்கள்.

அந்தப் பையனின் பெயர் டிஆரன் ஃபாக்ஸ்.

அதோடு முடியவில்லை. 2020இல் பன்னிரண்டாவது இடத்தில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் விழுந்தார், எடுத்தார்கள். பிறகு ஃபாக்ஸும் இவரும் ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்கள் என்று 2022 பிப்ரவரியில் ஹாலிபர்ட்டனை இண்டியானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று கோப்பைப் பந்தயத்தில் இண்டியானா எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஃபாக்ஸ் மேல் குற்றம் இல்லை. நல்ல ஆட்டக்காரர். ஆனால் ஒரே மனிதரைக் காரணம் காட்டி ஒரு அணி இரண்டு முறை கார்டைக் கைவிட்டது. மூன்றாவது முறையாக வேறு ஊரில் அதே காரணத்தைச் சொல்லப் போகிறோமா? ஃபாக்ஸின் ஒப்பந்தம் 2026 கோடையோடு முடிகிறது. அவருக்கு வயது 27. ஹார்ப்பருக்கு 19, வெம்பிக்கு 21.

ஹூஸ்டன்காரன் | 14 மே 2025, காலை 7.40

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஐயா, எதிரி அணிக்காரனாக இருந்தும் எழுந்து நின்று கும்பிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை | 14 மே 2025, காலை 11.30

பழையகோல் ஐயா, கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிட முடியாது. இரண்டு இடத்தில் மறுக்கிறேன்.

ஹாலிபர்ட்டனைக் கொடுத்ததால் சாக்ரமென்டோவுக்கு டொமான்டஸ் சபோனிஸ் கிடைத்தார். அடுத்த பருவத்தில் 48 வெற்றி. 16 பருவங்களாகப் பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்கான சுற்றுகள்) முகமே பார்க்காத அணி உள்ளே போனது. ஏழாவது ஆட்டம்வரை கோல்டன் ஸ்டேட்டோடு மோதியது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் அந்த மாற்றம் தவறு என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பொருத்தம் பார்க்காமல் எடுத்தவர்களும் உண்டு. 2009இல் மினசோட்டா ஐந்தாவதாக ரிக்கி ரூபியோ, ஆறாவதாக ஜானி ஃபிளின் என்று அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் கார்டுகளை எடுத்தது. ஏழாவதாகப் போனவர் ஸ்டெஃபன் கரி. அங்கே யாரும் “அணிக்கு எது தேவை” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், எறியத் தெரிந்த பையனை எடுத்திருப்பார்களோ என்னவோ.

பழையகோல் | 14 மே 2025, பகல் 12.15

தம்பி, மினசோட்டா கதை எனக்குத்தான் சாதகம். அவர்கள் பொருத்தம் பார்க்காததால் தோற்கவில்லை. இருந்தவர்களில் யார் சிறந்தவர் என்பதைத் தவறாகக் கணித்ததால் தோற்றார்கள். சபோனிஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1997இல் டிம் டங்கனை எடுத்தபோது டேவிட் ராபின்சன் இருந்தார். இருவரும் ஏறக்குறைய ஏழடி, இருவரும் வளையத்துக்கு அருகில் ஆடுகிறவர்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் என்று யாரும் டங்கனை விட்டுவிடவில்லை. 1999லும் 2003லும் கோப்பை வந்தது.

தென்கரை | 14 மே 2025, இரவு 9.05

டங்கனை உதாரணமாகக் காட்டினால் எந்த வாதத்தையும் ஜெயித்துவிடலாம் ஐயா. ஹார்ப்பர் டங்கன் இல்லை. அது ஏமாற்று.

வெள்ளிமுள் | 15 மே 2025, காலை 8.00

டிராஃப்டுக்கு வருகிறவர்களைச் சிகாகோவில் அளந்த அளவுகள் வந்துவிட்டன. ஏஸ் பெய்லியைக் கல்லூரிப் பட்டியலில் 6 அடி 10 அங்குலம் என்று போட்டிருந்தார்கள். செருப்பில்லாமல் அளந்தால் 6 அடி 7½ அங்குலம்! இரண்டரை அங்குலம் எங்கே போனது? ஹார்ப்பர் 6 அடி 4½ அங்குலம், கை விரித்தால் 6 அடி 10½. ஒரு கார்டுக்கு இது பெரிய உடம்பு. உயரத்துக்காகப் பெய்லி என்றால் அந்தக் காரணம் பாதி போய்விட்டது, அக்கா.

ஹூஸ்டன்காரன் | 15 மே 2025, காலை 8.12

பெண் பார்க்கும் படலத்தில் மாப்பிள்ளையின் சம்பளம் சொல்வது மாதிரி.

மரப்பலகை | 15 மே 2025, மாலை 5.50

இழையை இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பள்ளிப் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை: ஹார்ப்பரும் பெய்லியும் ஒரே கல்லூரி அணியில் ஆடினார்கள். அந்த அணி 15 வெற்றி 17 தோல்வி. தேசியப் போட்டிக்குள்கூட நுழையவில்லை. முதல் ஐந்து இடத்துக்குள் போகும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு இதுவா?

அதனால் ஹார்ப்பரின் ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த போட்டியில் நாட்டர்டேமுக்கு எதிராக 36 புள்ளி, அடுத்த நாளே அலபாமாவுக்கு எதிராக 37. புள்ளிகளை விடுங்கள், அவருடைய காலைப் பாருங்கள். இடது கைக்காரர். ஓடுவதில்லை, நடக்கிறார் என்றே சொல்லலாம். காப்பாளர் பக்கத்தில் வந்ததும் பந்தைத் தட்டும் தாளத்தை ஒரு கணம் நிறுத்துகிறார், தோள் நிமிர்கிறது. எறியப் போகிறார் என்று நினைத்துக் காப்பாளரின் குதிகால் தரையிலிருந்து எழும்புகிறது. அந்தக் குதிகால் எழும்பும்வரை காத்திருந்து, எழும்பியதும் வலது தோளை அவர் மார்பில் வைத்து உள்ளே போய்விடுகிறார். அதன் பிறகு காப்பாளர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறார், முன்னால் வரவே முடியாது. என் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆறு மாதமாக முயல்கிறேன். எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பத்தொன்பது வயதில் அவசரப்படாதவனைப் பார்ப்பது அபூர்வம்.

ஃபாக்ஸும் இடது கைதான், ஆனால் அவர் வேகத்தால் ஜெயிக்கிறவர். ஒருவர் மின்னல், ஒருவர் மாட்டுவண்டி. இருவரையும் மாற்றி மாற்றிச் சமாளிக்கும் எதிரணிக் காப்பாளர் பாவம். “ஒரே வேலை” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ரட்கர்ஸ் ஏன் தோற்றது? சுற்றி நின்றவர்களால் எறிய முடியவில்லை. அவர் உள்ளே புகுந்தபோதெல்லாம் நான்கு பேர் காத்திருந்தார்கள். அதாவது தென்கரை அக்கா அரங்கில் பார்த்த அதே நோய்.

தென்கரை | 15 மே 2025, இரவு 9.40

மாட்டுவண்டி என்று புகழ்ச்சியாக எழுதியதை முதல் முறையாகப் படிக்கிறேன். ஆனால் என் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், கவனித்தீர்களா? எறிகிறவர்கள் இல்லாத இடத்தில் அவரும் தவிப்பார்.

மரப்பலகை | 15 மே 2025, இரவு 10.15

கவனித்தேன். எறிகிறவர்களைப் பதினான்காவது தேர்வில் வாங்கலாம், சந்தையில் வாங்கலாம். குதிகால் எழும்பக் காத்திருக்கிறவனை வாங்க முடியாது.

கணக்குப்பிள்ளை | 19 மே 2025, காலை 10.10

தேர்வைக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று வேறு இடங்களில் எழுதுகிறார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு மூன்று, சார்லட்டுக்கு நான்கு. இரண்டைக் கொடுத்துவிட்டு மூன்றோடு எதிர்காலத் தேர்வு ஒன்றையும் வாங்குவது. சென்ற ஆண்டு நாம் எட்டாவது தேர்வை மினசோட்டாவுக்குக் கொடுத்து 2031 முதல் சுற்றுத் தேர்வை வாங்கினோம், ஊரே சிரித்தது. அந்த 2031 தேர்வுதான் பிப்ரவரியில் ஃபாக்ஸை வாங்கும் பொட்டலத்தில் போனது. ஆகவே இந்த நிர்வாகம் அப்படிச் செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டாவது வேறு, இரண்டாவது வேறு. இந்த ஆண்டு ஃபிளாக், ஹார்ப்பர் இருவருக்கும் பிறகு ஒரு பள்ளம் இருக்கிறது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். பள்ளத்துக்கு மேலே நின்றுகொண்டு கீழே குதிக்கக் காசு கேட்பது நல்ல வியாபாரம் இல்லை.

வெள்ளிமுள் | 20 மே 2025, காலை 7.30

நான் யானிஸை விடவில்லை. உயர்ந்த தேர்வைக் கொடுத்துக் கோப்பை வாங்கியவர்கள் இல்லையா? 2007இல் பாஸ்டன் ஐந்தாவது தேர்வைக் கொடுத்து ரே ஆலனை வாங்கியது, 2008இல் கோப்பை. விக்கின்ஸைக் கொடுத்துக் கெவின் லவ்வை வாங்கிய கிளீவ்லாந்துக்கு 2016இல் கோப்பை. 2019இல் நான்காவது தேர்வையும் சேர்த்துக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கிய லேக்கர்ஸுக்கு அடுத்த ஆண்டே கோப்பை. வைத்திருந்து வளர்க்கிறேன் என்று பத்து ஆண்டு போக்கியவர்கள் பட்டியல் இதைவிட நீளம்.

பிப்ரவரியில் வெம்பியின் தோளில் இரத்த உறைவு என்று செய்தி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். 46 ஆட்டத்தோடு பருவம் முடிந்தது. காலம் நிறைய இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லாமலும் போகலாம்.

பழையகோல் | 20 மே 2025, காலை 9.00

அந்தக் கடைசி இரண்டு வரி என்னைத் தொட்டது, மறுக்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்ன மூன்று அணியிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாஸ்டனில் பால் பியர்ஸ், கிளீவ்லாந்திலும் லேக்கர்ஸிலும் லெப்ரான் ஜேம்ஸ். ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவர்கள், அவர்களுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆள் இன்னும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. யானிஸுக்கு 30. வெம்பி உச்சத்துக்கு வரும்போது யானிஸ் இறங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் காலைப் பேருந்து, ஒருவர் மாலைப் பேருந்து. நிறுத்தம் ஒன்று என்பதற்காகச் சேர்ந்து பயணம் போக முடியாது.

பழையகோல் | 6 ஜூன் 2025, காலை 8.55

இரண்டு வாரமாக இழை தூங்குகிறது. இன்று காலை இறுதிச்சுற்று முதல் ஆட்டம் பார்த்தீர்களா? ஒக்லஹோமாவின் சொந்த அரங்கில், 0.3 வினாடி மிச்சமிருக்க, ஹாலிபர்ட்டன் கை. 111-110, இண்டியானாவுக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நினைவூட்டினேன்.

ஹூஸ்டன்காரன் | 6 ஜூன் 2025, காலை 9.01

“ஒன்றும் சொல்லவில்லை” என்று இவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை.

ஹூஸ்டன்காரன் | 23 ஜூன் 2025, காலை 6.20

என்ன ஒரு இரவு. கெவின் டுரான்ட் எங்களுக்கு! ஜேலன் கிரீன், டிலன் புரூக்ஸ், பத்தாவது தேர்வு, ஐந்து இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் ஃபீனிக்ஸுக்கு. டுரான்ட் விரும்பிய ஊர்களில் உங்கள் ஊரும் இருந்தது என்று எழுதினார்கள். கிடைக்கவில்லையே என்று வருத்தமா?

கணக்குப்பிள்ளை | 23 ஜூன் 2025, காலை 7.10

36 வயதுக்காரருக்கு இரண்டாவது தேர்வைக் கொடுக்காமல் இருந்ததற்கு நிர்வாகத்துக்கு நன்றி. வாழ்த்துகள், உண்மையாகவே. ஆனால் ஜேலன் கிரீன் யார் என்பதைக் கவனியுங்கள். 2021இல் நீங்கள் எடுத்த இரண்டாவது தேர்வு. வைத்திருந்தீர்கள், நான்கு ஆண்டு ஆட விட்டீர்கள், பிறகு கொடுத்து டுரான்டை வாங்கினீர்கள். இரண்டாவது தேர்வை இன்றைக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதற்கு நீங்களே சாட்சி. ஹார்ப்பரை எடுத்துவிட்டு, ஃபாக்ஸோடு ஒத்துவரவில்லை என்றால், இரண்டில் ஒருவரை 2027இல் கொடுத்தாலும் விலை இருக்கும்.

தென்கரை | 23 ஜூன் 2025, காலை 10.05

இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே ஹாலிபர்ட்டன் விழுந்து தரையைக் கையால் அடித்ததைப் பார்த்த பிறகு எனக்கு எதைப் பற்றியும் வாதாட மனம் இல்லை. குதிகால் தசைநார். கோப்பை ஒக்லஹோமாவுக்கு.

பழையகோல் | 23 ஜூன் 2025, காலை 10.30

எனக்கும் அப்படித்தான், அம்மா. அன்றைக்குக் கேலியாக எழுதியதை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிமுள் | 26 ஜூன் 2025, காலை 5.58

ஹார்ப்பர்.

மரப்பலகை | 26 ஜூன் 2025, காலை 6.00

மாட்டுவண்டி வந்து சேர்ந்தது.

கணக்குப்பிள்ளை | 26 ஜூன் 2025, காலை 7.25

மூன்றாவதாக எட்ஜ்கோம் ஃபிலடெல்ஃபியாவுக்கு, நான்காவதாகக் கான் கனிப்பல் சார்லட்டுக்கு, ஐந்தாவதாகப் பெய்லி யூட்டாவுக்கு. 17 வெற்றி மட்டும் எடுத்துக் கடைசியில் நின்ற யூட்டா ஐந்தாவதுக்கு இறங்கியது என்பதை நினைத்தால் நம் அதிர்ஷ்டம் புரியும். பதினான்காவதாக நாம் அரிசோனாவின் கார்ட்டர் பிரையன்ட்டை எடுத்திருக்கிறோம். உயரமானவர், ஆளைத் தடுப்பார், மூலையில் நின்று எறியவும் தெரிந்தவர். மரப்பலகை சொன்னபடியே நடந்திருக்கிறது.

வெள்ளிமுள் | 26 ஜூன் 2025, காலை 8.15

யானிஸ் கனவை மடித்து அலமாரியில் வைக்கிறேன், எறியவில்லை. இன்னும் ஒன்று மட்டும் புரியவில்லை. தொடக்க ஐவரில் யார்? ஃபாக்ஸை உட்கார வைக்க முடியாது. சிறந்த புதுமுகம் விருது வாங்கிய கேஸிலை உட்கார வைத்தால் அவர் முகம் எப்படி இருக்கும்? இரண்டாவதாக எடுத்தவரை மாற்று ஆளாக இறக்குவார்களா?

பழையகோல் | 26 ஜூன் 2025, காலை 8.40

இறக்கலாம், தப்பில்லை. நம் பழைய நட்சத்திரம் மானு ஜினோபிலியை இதே ஊரில் பல ஆண்டுகள் மாற்று ஆளாகத்தான் இறக்கினார்கள். முதலில் யார் ஓடுகிறார்கள் என்பதைவிட, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் களத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பயிற்சியாளர் மிட்ச் ஜான்சனுக்கு, முந்தைய பயிற்சியாளர் பாப்பவிச் விட்டுப்போன நாற்காலியைவிட இந்தக் கேள்விதான் சூடாக இருக்கும்.

தென்கரை | 26 ஜூன் 2025, இரவு 8.50

நான் கேட்டது நடக்கவில்லை, பரவாயில்லை. அடுத்த பருவத்துக்கும் கூடைக்குப் பின்னால் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டுபோவேன். மூலையில் கேஸில் நிற்கும்போது அவரைக் காக்க வேண்டியவரின் கால் எங்கே இருக்கிறது என்று கோடு போட்டு எண்ணப் போகிறேன். பந்து ஹார்ப்பரிடம் இருக்கும்போது எத்தனை, ஃபாக்ஸிடம் இருக்கும்போது எத்தனை என்று தனித்தனியாக. நவம்பரில் இங்கே வந்து எழுதுகிறேன். இழையைப் பூட்டிவிடாதீர்கள்.